என்டர்பிரைஸில் ஏன் ஃப்யூஸ் இல்லை?

போன வாரம் எங்கள் வகுப்பில் ஒரு பெரிய சண்டை. கிரிக்கெட் இல்லை, சினிமா இல்லை, அரசியல்கூட இல்லை. ஸ்டார் ட்ரெக் தொடரில் வரும் என்டர்பிரைஸ் விண்கப்பல் அழகா, அசிங்கமா என்று. (ஆமாம், விருத்தாசலத்தில்தான். எங்களுக்கும் பொழுது போகணும் இல்லையா!)

பார்க்காதவர்களுக்காக: முன்னால் வட்டமாக ஒரு பெரிய சாசர். அதன் கீழே ஒரு கழுத்து. கழுத்துக்குக் கீழே ஓர் உருளை. உருளையிலிருந்து மேலே போகும் இரண்டு தண்டுகளின் நுனியில் நீளநீளமாக இரண்டு எஞ்சின்கள். "டீ குடிச்சிட்டு சாசரைக் கவுத்து வெச்சு, பின்னாடி ரெண்டு ட்யூப்லைட் ஒட்டின மாதிரி இருக்குடா" என்றான் நண்பன். பீங்கான் படிக்கிற பையனுக்கு சாசர்தானே முதலில் கண்ணில் படும்!

நான் கப்பலின் கட்சி. ஆனால் அழகுக்காக இல்லை. அதன் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு காரணம் இருக்கிறது.

தொடர் முதலில் ஒளிபரப்பானது 1966 செப்டம்பரில். கப்பலை வரைந்தவர் மேட் ஜெஃப்ரீஸ். விமானம் ஓட்டத் தெரிந்தவர். தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி அவருக்குப் போட்ட நிபந்தனை விசித்திரமானது: இறக்கை கூடாது, ராக்கெட் கூடாது, பின்னால் நெருப்பு வரக்கூடாது. அதாவது அதுவரை எல்லோரும் வரைந்த எதுவும் கூடாது. ஜெஃப்ரீஸ் யோசித்தார். ஒளியை விட வேகமாகப் போகிற எஞ்சின் என்றால் அது பயங்கர சக்தியோடு இருக்கும். அதன் பக்கத்தில் மனிதர்கள் இருப்பது ஆபத்து. எனவே எஞ்சினைத் தூரமாகத் தள்ளித் தண்டின் நுனியில் வை. தேவைப்பட்டால் கழற்றி விட்டுவிடலாம். சாசரும் தனியே பிரியும். இதை 1987-ல் தொடங்கிய அடுத்த தலைமுறைத் தொடரின் முதல் கதையிலேயே காட்டிவிட்டார்கள். அந்தக் கப்பலில் ஆயிரம் பேருக்கு மேல், குழந்தை குட்டிகளோடு இருந்தார்கள்.

எங்கள் ஊர்ப் பாஷையில் சொன்னால் இது ஃப்யூஸ் புத்தி. எது முதலில் போகவேண்டும், எது கடைசிவரை நிற்கவேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்வது. இதுவரைக்கும் ஜெஃப்ரீசுக்கு என் சல்யூட்.

இப்போதுதான் என் சண்டை ஆரம்பம். வெளியே இவ்வளவு யோசித்துக் கட்டின கப்பலின் உள்ளே, கட்டளை அறையில் என்ன நடக்கிறது? எதிரி ஒரு அடி அடித்தால் போதும், கப்பலின் ஏதோ ஒரு மூலையில் பட்ட அடிக்கு, கட்டளை அறையில் பட்டனைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அப்பாவியின் முகத்தில் மேஜை வெடிக்கிறது. தீப்பொறி பறக்கிறது. ஆள் தூக்கி எறியப்படுகிறார். டாக்டர் ஓடி வருகிறார். அடுத்த வாரம் வேறு ஆள், அதே மேஜை. இத்தனை நூற்றாண்டு முன்னேறிய மனிதகுலத்துக்கு ஒரு ஃப்யூஸ் கட்டை கிடைக்கவில்லையா?

விருத்தாசலத்துக்காரனுக்கு இது மானப் பிரச்சினை. அகல் விளக்கும் பொம்மையும் மட்டுமல்ல, அந்த வெள்ளை ஃப்யூஸ் கட்டையும் எங்கள் ஊர்ச் சூளைகளில் வெந்து வருவதுதான். களிமண், பெல்ஸ்பார், குவார்ட்ஸ் மூன்றையும் அரைத்துக் கலந்து, அச்சில் அழுத்தி, 1200 டிகிரி செல்சியசுக்கு மேல் சுட்டால் மின்சாரம் கடத்தாத, எரியாத ஒரு கட்டை கிடைக்கும். அதன் நடுவே மெல்லிய கம்பி. அளவுக்கு மேல் மின்னோட்டம் வந்தால் கம்பி சூடாகி உருகி அறுந்துவிடும். அந்தச் சின்னப் பொறியும் பீங்கானுக்குள்ளேயே அடங்கிவிடும். வீட்டிலேயே மிக மலிவான பொருள் தன்னைக் கொடுத்து மற்றதையெல்லாம் காப்பாற்றும். புது வீடுகளில் இப்போது எம்.சி.பி. இருக்கிறது. உருவம்தான் வேறு, எண்ணம் அதேதான்.

சரி, எதிர்க்கட்சி வாதங்களையும் பார்த்துவிடுவோம்.

முதல் வாதம்: "அந்தக் கப்பலில் ஓடுவது நம்ம வீட்டுக் கரண்ட் இல்லை, பிளாஸ்மா. அதனால்தான் வெடிக்கிறது." தொடரின் தீவிர ரசிகர்கள் சொல்லும் விளக்கம் இது. எனக்கு இது இன்னும் மோசமாகப் படுகிறது. எஞ்சினைத் தூரத் தள்ளி வைத்துவிட்டு, அதன் கொதிப்பைக் குழாய் போட்டு உட்கார்ந்திருப்பவர் முகத்துக்கு நேரே கொண்டுவந்து வைப்பார்களா? கணக்கு எழுதுகிறவர் நாற்காலிக்கு அடியில் சூளை வைத்த கதை!

இரண்டாவது வாதம்: "டேய், அது நாடகம்டா. பொறி பறந்தால்தான் அடி விழுந்தது தெரியும்." இதில் நியாயம் இருக்கிறது. பணம் குறைவான தொடர் அது. ஒவ்வொரு கிரகத்திலும் இவ்வளவு பெரிய கப்பலை இறக்கிக் காட்ட முடியாது என்பதால்தானே, ஆளை ஒளியாக்கி இறக்கும் கருவியையே கண்டுபிடித்தார்கள்! ஆனால் ஃப்யூஸ் போனால் நாடகம் இல்லையா? யோசித்துப் பாருங்கள். அடி விழுகிறது. வெடி இல்லை. படபடவென்று எல்லா விளக்கும் அணைகிறது. இருட்டு. திரையில் எதிரி தெரியவில்லை. யாரோ ஒருவர் தவழ்ந்து போய் ஃப்யூஸ் மாற்றவேண்டும். மாற்றும்வரை கப்பல் குருடு. கரண்ட் போன ராத்திரியைப் பார்த்த எந்தத் தமிழனுக்கும் அந்தப் பயம் புரியும். பொறியை விட இருட்டுதான் பெரிய நாடகம் என்பது என் கட்சி.

மூன்றாவது வாதத்தை யாரும் வாயால் சொல்லவில்லை. ஆனால் அதுதான் நிஜமான வாதம்: "ஒண்ணும் ஆகாது, விடு." இதை நான் எங்கள் வீட்டிலேயே கேட்டிருக்கிறேன். கோடையில் கிரைண்டர் ஓடும்போதெல்லாம் ஃப்யூஸ் போகும். சித்தப்பாவுக்கு எரிச்சல். ஒருநாள் மெல்லிய கம்பியை எடுத்துவிட்டுத் தடியான செம்புக் கம்பியை முறுக்கிக் கட்டிவிட்டார். "இனிமே போகாது பாரு" என்றார். போகவில்லைதான். கம்பிக்குப் பதிலாகச் சுவருக்குள் இருந்த ஒயர் உருகியது. சுவிட்ச் போர்டிலிருந்து புகை வந்தபோது பாட்டி கிரைண்டர் பக்கத்தில் மாவு வழித்துக்கொண்டிருந்தார். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஃப்யூஸ் கட்டை செய்கிற ஊரில் இருந்துகொண்டு இந்தக் கூத்து.

"ஒண்ணும் ஆகாது" என்பதற்கு நிஜ விண்ணில் கொடுத்த விலை பெரிது. ஸ்டார் ட்ரெக் ரசிகர்கள் எழுதிக் குவித்த கடிதங்களால் 1976-ல் அமெரிக்காவின் முதல் விண்வெளி ஓடத்துக்கு என்டர்பிரைஸ் என்றே பெயர் வைத்தார்கள். அது விண்வெளிக்குப் போகவில்லை. வளிமண்டலத்தில் மிதந்து இறங்கிப் பார்க்கும் சோதனை ஓடம். அதில் இரண்டு விமானிகளுக்கும் ஆபத்து நேரத்தில் வெளியே தூக்கி வீசும் இருக்கைகள் இருந்தன. பிறகு அதன் தம்பிகள் ஏழு பேரை ஏற்றிக்கொண்டு நிஜமாகவே விண்வெளிக்குப் போனபோது அந்த வசதி இல்லை. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் கிளம்பி 73 விநாடிகளில் சிதறியது. உள்ளே இருந்த ஏழு பேருக்கும் தப்ப ஒரு வழியும் இல்லை. அன்று பழுதானது ராக்கெட்டின் இணைப்பில் இருந்த ஒரு ரப்பர் வளையம். வளையம் போனால் அடுத்து என்ன என்பதற்கு அந்தக் கப்பலின் வரைபடத்தில் பதில் இல்லை.

இதற்கு நேர்மாறாக, 2023 அக்டோபர் 21 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ககன்யான் திட்டத்துக்கான ஒரு தப்பித்தல் சோதனை. புறப்பட 5 விநாடி இருக்கும்போது கணினியே நிறுத்திவிட்டது. ஏமாற்றமாகத்தான் இருந்தது. காரணம் கண்டுபிடித்து அன்று காலை 10 மணிக்கு அனுப்பினார்கள். பாதி வானத்தில் வேண்டுமென்றே பயணத்தை முறித்தார்கள். ஆளில்லாத கூண்டு ராக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு போய், பாராசூட் விரித்து வங்கக் கடலில் இறங்கியது. வெற்றி என்று அறிவித்தார்கள். எங்கும் போய்ச் சேராத பயணம் எப்படி வெற்றி? ஃப்யூஸ் சரியாகப் போனது, அதனால் வெற்றி. கடைசி 5 விநாடியில் நின்றதும் ஒரு ஃப்யூஸ்தான்.

ஆகவே கப்பல் அழகா என்ற கேள்விக்கு என் பதில்: வெளியே அழகு, உள்ளே ஆபத்து. ஒரு கப்பலின் வடிவத்தை எடை போட அது எவ்வளவு வேகமாகப் போகும் என்று கேட்டால் போதாது. அடி விழுந்தால் முதலில் எது உடையும், அதன் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்றும் கேட்கவேண்டும். ஜெஃப்ரீஸ் கப்பலுக்கு வெளியே இதைக் கேட்டார். கட்டளை அறைக்குள் யாரும் கேட்கவில்லை.

சித்தப்பா இப்போது மெல்லிய கம்பிதான் கட்டுகிறார். மாதம் ஒருமுறை ஃப்யூஸ் போகிறது. மாதம் ஒருமுறை திட்டிக்கொண்டே மாற்றுகிறார். எனக்கு அந்தத் திட்டு கேட்க சந்தோஷமாக இருக்கிறது.

பி.கு.: அடுத்த ஸ்டார் ட்ரெக் எடுப்பவர்கள் கவனத்துக்கு. கேப்டன் நாற்காலிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ஃப்யூஸ் பெட்டி வையுங்கள். கட்டைகளை விருத்தாசலத்திலிருந்து நாங்கள் அனுப்பிவைக்கிறோம். மொத்தமாக எடுத்தால் விலை குறைத்துத் தரச் சொல்கிறேன் :-)