குறிஞ்சிக் கிழவன் சூடும் காந்தள்

முருகப்பெருமானுக்கு உகந்த மலர்கள் என்றதும் கடம்பும் குறிஞ்சியும் நினைவுக்கு வரும். ஆயின் நக்கீரர் திருமுருகாற்றுப்படையில் அப்பெருமானின் திருமுடியில் காட்டுவது காந்தட் கண்ணியையே. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிக் கூறும் மலர்களுள் முதலாவதாக நிற்பதும் செங்காந்தளே. இன்று தமிழ்நாட்டின் மாநில மலர் என்னும் சிறப்பும் இதற்கு உண்டு.

மலைச்சாரலிலும் வேலிப்புதரிலும் படரும் இக்கொடியை இனங்காண்பது எளிது. இலையின் நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு அருகிலுள்ள செடியைப் பற்றிக்கொள்ளும். அலையலையான விளிம்புடைய ஆறு இதழ்களும் பின்னோக்கி வளைந்து சுடர்போல நிமிர்ந்திருக்கும். பசுமையாக அரும்பி, மஞ்சளாகி, முடிவில் செந்நிறம் கொள்ளும். மகளிர் விரலுக்குப் புலவர் இதனை உவமை கூறினர். கார்த்திகைப்பூ என்பதும் இதன் பெயரே. நிலத்தடியிலுள்ள கிழங்கு கலப்பை வடிவில் இரு கிளையாக இருப்பதால் கலப்பைக்கிழங்கு என்றும் வழங்குவர்.

இல்லத்தில் வளர்க்க விரும்புவோர் மலையிலிருந்து கிழங்கை அகழ்ந்து வருதல் தகாது. பயிரிடுவோரிடமிருந்து பெறுக. ஆனி, ஆடி மாதங்களில், நீர் தேங்காத மண்ணில் கிழங்கைக் கிடைமட்டமாக வைத்து மூடவேண்டும். முளை கிழங்கின் நுனியிலேயே இருப்பதால் அது முறியாமல் காத்தல் வேண்டும். கொடி பற்றி ஏறச் சிறு கொம்பு நடுக. காய் முற்றியபின் கொடி வாடிவிடும். பட்டுவிட்டதென எண்ணிப் பிடுங்கலாகாது. நீர் ஊற்றுவதை நிறுத்தினால் போதும். மண்ணுள் உறங்கும் கிழங்கு அடுத்த மழையில் மீண்டும் துளிர்க்கும்.

ஒன்றை மறத்தலாகாது. காந்தளின் எல்லா உறுப்பும் நஞ்சு. கிழங்கும் விதையும் கொடிய நஞ்சு. வள்ளிக்கிழங்கு என மயங்கி இதனை உண்டு உயிரிழந்தோர் உண்டு. மூட்டுவலிக்கான மாத்திரை ஒன்றில் இதிலுள்ள கோல்சிசின் என்னும் பொருளே மருத்துவர் குறிக்கும் நுண்ணிய அளவில் சேர்கிறது. அதனை நம்பிக் கிழங்கை வீட்டில் அரைத்து உண்பது உயிருக்கே ஊறு. கிழங்கைக் கையுறையுடன் தொடுக. தவறி உண்டவருக்கு வாந்தியும் பேதியும் தொடங்கச் சில மணி நேரம் ஆகலாம். அதுவரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேண்டும்.

பேரக்குழந்தைகள் ஓடியாடும் இல்லத்திலும், ஆடுமாடு மேயும் முற்றத்திலும் இக்கொடி வேண்டா. அத்தகையோர் மலைக்கோயில் செல்லும் வழியில் பூத்திருக்கும் காந்தளைப் பறியாமல் கண்டு கைகூப்பினாலே போதும். அதைச் சூடும் பெருமான் அம்மலையிலேயே எழுந்தருளியிருக்கிறான்.