வீடு கூட்டும் ரோபோ வாங்கலாமா?



"அம்மா, வீடு கூட்ட ஒரு ரோபோ அனுப்பவா?" என்று வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் கேட்கும் காலம் இது. உடனே மறுக்கவும் வேண்டாம், உடனே தலையாட்டவும் வேண்டாம். முதலில் அது என்ன செய்யும் என்று அறிந்துகொள்வோம்.

இவற்றில் பெயர்பெற்ற ரூம்பா, 2002 இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதைச் செய்த ஐரோபோட் நிறுவனத்தை 1990 இல் தொடங்கிய மூவரில் ஒருவர் ஹெலன் கிரெய்னர் என்ற பெண். அவருடைய தந்தை ஹங்கேரியிலிருந்து அகதியாக இங்கிலாந்துக்கு வந்தவர். குண்டுகளை ஆராயும் ரோபோவையும் இதே நிறுவனம்தான் அப்போது செய்தது.

தட்டையான வட்டப் பெட்டி போன்ற இந்த இயந்திரம் தரையில் ஊர்ந்து தூசியை உறிஞ்சும். கட்டிலுக்கு அடியிலும் போகும். படி வந்தால் அடியிலுள்ள உணரிகள் அதை நிறுத்தும். ஆனால் கறுப்புத் தரையைப் பள்ளம் என்று எண்ணிச் சில இயந்திரங்கள் நின்றுவிடும். இரண்டு சென்ரிமீற்றருக்கு மேல் உயர்ந்த நிலைப்படியைப் பெரும்பாலானவை தாண்டமாட்டா. முற்றம் கூட்டாது. மண் தரைக்கும் உதவாது.

என் பெரியம்மாவுக்குச் செல்வீச்சில் முதுகு பாதிக்கப்பட்டது. குனிந்து கூட்டுவது அவருக்குப் பெரும் வேதனை. அப்படியானவர்களுக்கு இது ஆடம்பரம் அல்ல, உதவி. ஆனாலும் தூசிப் பெட்டியை வெறுமையாக்கவும், தூரிகையில் சுற்றிய தலைமயிரை எடுக்கவும் ஒருவர் வேண்டும்.

வாங்குமுன் நான்கு விடயங்களைக் கேளுங்கள். பற்றரி, தூரிகை, வடிகட்டி ஆகியவை இங்கே கிடைக்குமா? பழுதானால் திருத்துவார் உண்டா? மின்னேற்றியில் என்ன எழுதியிருக்கிறது? நமது மின்சாரம் 230 வோல்ற். "100-240" என்றிருந்தால் பயமில்லை. "120" மட்டும் என்றிருந்தால் நேரடியாகச் செருக வேண்டாம். நான்காவது, கமரா உண்டா? 2020 இல் சோதனைக்காகச் சில வீடுகளில் ஓடிய ரோபோக்கள் எடுத்த படங்கள் வெளியே கசிந்தன. கழிப்பறையில் இருந்த ஒரு பெண்ணின் படமும் அவற்றில் இருந்ததாக 2022 இல் செய்தி வந்தது. பெண்கள் தனியே வாழும் வீட்டுக்குக் கமரா இல்லாததே நல்லது என்பது என் கருத்து.

விடுதி நடத்தும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. அங்கே கூட்டிப் பிழைக்கும் ஒரு பெண் இருந்தால், இயந்திரத்தை வாங்குமுன் அவருக்கு வேறு வேலை என்ன கொடுப்பது என்று தீர்மானியுங்கள்.

உடலில் வலு இருந்தால் தும்புத்தடியே போதும். அந்தக் காசில் தையல் இயந்திரத்துக்கு மோட்டர் பூட்டினால் நாலு காசு வருமானமும் வரும். பிள்ளைகள் அன்போடுதான் கேட்கிறார்கள். உங்களுக்கு எது தேவை என்பதைக் கூச்சப்படாமல் நீங்களே அவர்களிடம் சொல்லுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.