கடல் கடந்து ஆங்கிலம் கற்பித்தல்: பட்டதாரிப் பிள்ளைகளும் பெற்றோரும் அறியவேண்டியவை

பல்கலைக்கழகப் படிப்பை முடித்த மகனோ மகளோ, "ஒரு வருடம் யப்பானுக்குப் போய் ஆங்கிலம் படிப்பிக்கப் போகிறேன்" என்று சொன்னால், எம்மவர் வீடுகளில் முதலில் எழுவது கவலைதான். "இதற்காகவா இவ்வளவு காலம் படித்தாய்?" என்பார் தந்தையார். "அங்கே என்னத்தைச் சாப்பிடுவாய்?" என்பார் தாயார். இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆயினும் அவற்றுக்கு முன் கேட்கவேண்டியவை மூன்று உண்டு. வேலை தருபவர் யார்? விசா எவ்வகையானது? ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது என்ன?

அரசாங்கங்கள் நடத்தும் திட்டங்களே முதலில் கவனிக்கத் தக்கவை. யப்பானின் 'ஜெட்' திட்டம் 1987இல் நான்கு நாடுகளிலிருந்து 848 பேருடன் ஆரம்பமாயிற்று. இன்று 5,000க்கு மேற்பட்டோர் அதில் பணிபுரிகின்றனர். எந்தத் துறையில் பட்டம் பெற்றிருந்தாலும் விண்ணப்பிக்கலாம். ஆசிரியப் பயிற்சி கட்டாயமன்று. பாடசாலையில் யப்பானிய ஆசிரியருக்கு உதவி ஆசிரியராக நின்று கற்பிப்பதே வேலை. ஒப்பந்தம் வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கப்படும். ஐந்து வருடத்துக்கு மேல் நீடியாது. 2025ஆம் ஆண்டு முதல் முதல் வருடச் சம்பளம் சுமார் 40 இலட்சம் யென். விமானச் செலவும் கொடுக்கப்படும். விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் யப்பானியத் தூதரகத்தின் மூலம் ஏற்கப்படும். நேர்முகப் பரீட்சை தை, மாசியில். பயணம் ஆடி, ஆவணியில். எனவே பட்டமளிப்பு விழா முடிந்தபின் யோசிக்கத் தொடங்குபவருக்கு ஒரு வருடம் வீணாகிவிடும். எந்த ஊர் என்பதைத் தெரிவு செய்யும் உரிமையும் விண்ணப்பதாரிக்கு இல்லை. தோக்கியோவை நினைத்துப் போனவர் மலையடிவாரக் கிராமத்தில் இருக்க நேரலாம்.

தென் கொரியாவின் 'எப்பிக்' திட்டம் 1995இல் தொடங்கியது. அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாபிரிக்கா ஆகிய ஏழு நாடுகளின் பிரசைகளையே அது பெரும்பாலும் எடுக்கிறது. 7ஆம் வகுப்பு முதல் ஆங்கில மொழியில், அத்தகைய நாட்டில் படித்திருக்கவும் வேண்டும். எம்மவர் பலரைப் பாதிக்கும் விதி இது. பதினாறு வயதில் இங்கு வந்து சேர்ந்த பிள்ளை எவ்வளவு நன்றாக ஆங்கிலம் பேசினாலும் இவ்விதி தடையாகலாம். யப்பானியத் திட்டமும் நிரந்தர வதிவிட உரிமையை ஏற்பதில்லை, கடவுச்சீட்டைத்தான் பார்க்கும். பிரசாவுரிமைக்கு விண்ணப்பிக்காமல் காலங்கடத்தும் குடும்பங்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

ஐரோப்பாவை விரும்புவோருக்குப் பிரான்சில் மொழி உதவியாளர் வேலை உண்டு. வாரம் 12 மணித்தியாலம். ஏறத்தாழ ஏழு மாதம். சேமிப்புக்கு உதவாது, பிரெஞ்சு மொழி கைவரும்.

தனியார் பாடசாலைகளில் நல்லவையும் உண்டு, மோசமானவையும் உண்டு. புகைப்படம் கேட்டு, வெள்ளை முகத்தையே ஆங்கிலத்தின் அடையாளமாக எண்ணும் முகாமைகள் இன்னும் இருக்கின்றன. இங்கேயே பிறந்த பிள்ளைக்கும் அந்தக் கசப்பு நேரலாம். அது பிள்ளையின் குறையன்று என்பதைப் பெற்றோர் முன்னரே சொல்லி வைப்பது நல்லது. "முதலில் சுற்றுலா விசாவில் வாருங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று எவராவது எழுதினால் அத்துடன் கடிதத் தொடர்பை நிறுத்திவிடவேண்டும். அப்படி வேலை செய்து பிடிபட்டால் தண்டம் கட்டுவதும் நாடு கடத்தப்படுவதும் ஆசிரியரே.

பெரிய நிறுவனம் என்பதும் காப்பாகாது. யப்பானின் மிகப் பெரிய ஆங்கிலப் பாடசாலை நிறுவனமான 'நோவா' 2007 ஒக்டோபரில் வங்குரோத்தானது. ஆயிரக்கணக்கான வெளிநாட்டு ஆசிரியர்கள் சம்பளமின்றி நின்றனர். வாடகைக்கெனச் சம்பளத்தில் வெட்டப்பட்ட பணம் வீட்டுக்காரரைச் சென்றடையாததால் சிலர் வீட்டையும் இழந்தனர். திரும்பி வருவதற்கான விமானச் செலவும் இரண்டு மாதச் சாப்பாட்டுச் செலவும் பிள்ளையின் சொந்தக் கணக்கில் எப்போதும் இருக்கவேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

பயிற்சி பெற விரும்புவோருக்குக் கேம்பிரிட்ஜின் 'செல்ற்றா' சான்றிதழ் மதிப்புள்ளது. குறைந்தது 120 மணித்தியாலப் பாடநெறி. அதில் 6 மணித்தியாலம் உண்மையான மாணவருக்குக் கற்பித்துக் காட்டவேண்டும். மாணவர் முகத்தையே காணாமல் பெறும் மலிவுச் சான்றிதழ்கள் இதற்கு ஈடாகா.

உடல்நலம் பற்றியும் சில குறிப்புகள். யப்பானுக்கு மருந்து கொண்டு செல்வதில் மிகுந்த எச்சரிக்கை தேவை. கவனக்குறைபாட்டுக்குக் கொடுக்கப்படும் அம்ஃபெற்றமின் வகை மருந்துகள் வைத்தியரின் கடிதம் இருந்தாலும் அங்கே சட்டவிரோதம். வைத்திருப்பவர் கைது செய்யப்படலாம். சூடோஎபெட்ரின் 10 வீதத்துக்கு மேல் கலந்த சாதாரணத் தடிமன் மாத்திரைக்கும் தடை உண்டு. மற்றைய மருந்துகளில் ஒரு மாத அளவுக்கு மேல் கொண்டு செல்வதானால் முன்கூட்டியே அனுமதிச் சான்று பெறவேண்டும். அபின் வகை வலிநிவாரணிகளுக்கு அளவு எவ்வளவாயினும் முன் அனுமதி அவசியம். கொரியாவில் வேலைக்குச் சேர்வோர் போதைப்பொருட் சோதனை அடங்கிய மருத்துவப் பரிசோதனைக்கு உட்படவேண்டும். பிள்ளை மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பதுண்டாயின் அதை மறைத்து அனுப்புவது தகாது. தனிமை மிகுந்த கிராமத்தில் குளிர்காலத்தில் மருந்து தீர்ந்துபோனால் துன்பப்படுவது பிள்ளைதான்.

தாயாரின் கேள்விக்கும் விடை சொல்லவேண்டும். யப்பானியச் சூப்பு, பருப்பு வகை, மரக்கறிக் கறி என்பவற்றில்கூடக் காய்ந்த மீனிலிருந்து எடுத்த சாறு சேர்ந்திருப்பது வழக்கம். கொரியரின் கிம்ச்சியிலும் பெரும்பாலும் இறால் அல்லது மீன் ஊறல் உண்டு. "இறைச்சி இல்லை" என்று அவர்கள் சொல்வது "மீன் இல்லை" என்று ஆகாது. ஆனால் அரிசியும் சோயாக் கட்டியும் மரக்கறியும் எங்கும் கிடைக்கும். சைவ உணவுக்காரப் பிள்ளை புறப்படுமுன் சமைக்கப் பழகிக்கொண்டால் பட்டினி கிடக்கமாட்டாது. மகளுக்குப் போலவே மகனுக்கும் இது பொருந்தும்.

தந்தையாரின் கேள்விக்கு விடை பிள்ளையிடமே இருக்கிறது. ஒரு வருடத்தின் முடிவில் என்ன செய்வதாக எண்ணம் என்று கேட்டு, அதற்குத் தெளிவான பதில் கிடைத்தால் போக விடலாம். எமது மூத்தோர் பலர் ஆங்கிலம் தெரிந்ததனாலேயே கடல் கடந்து மலாயாவில் உத்தியோகம் பார்த்தனர். அவர்களின் பேரப்பிள்ளைகள் அதே மொழியைக் கொண்டு இன்னொரு கரைக்குப் போவதில் புதுமை ஒன்றுமில்லை.