ஆபரேஷன் முடிந்து 3-வது வாரம்... ஒரு கால் மட்டும் வீங்கினால் உஷார்!

சென்னை,-

"ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்" என்று டாக்டர் சொன்னதும் குடும்பமே பெருமூச்சு விடும். ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ பிடிக்கும்போதே பாதிக் கவலை போய்விடும். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் கவலைப்பட வேண்டிய நாட்கள் அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கின்றன. கால் நரம்புக்குள் ரத்தம் உறைந்து கட்டியாவதுதான் அது.

அடிபட்டால் தோல் கன்றிப்போகுமே, அந்த ரத்தக்கட்டு வேறு. அது தானாகவே கரைந்துவிடும். இது சதைக்கு உள்ளே ஆழத்தில் இருக்கும் பெரிய ரத்தக்குழாயில் உருவாகும் ரத்தக்கட்டி. வெளியே தெரியாது. அங்கேயே கிடந்தால் கால் வீங்கும். பிய்த்துக்கொண்டு மேலே கிளம்பினால் இருதயம் வழியாக நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளும். பெரிய கட்டியாக இருந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும்.

3-வது வாரம் உச்சம்

இங்கிலாந்தில் சுமார் 9½ லட்சம் நடுத்தர வயதுப் பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2009-ம் ஆண்டு 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் வெளியானது. ஆஸ்பத்திரியில் தங்கி ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 140 பேருக்கு ஒருவர் வீதம் 12 வாரத்துக்குள் இந்த ரத்தக்கட்டி பிரச்சினையில் சிக்கினார்கள். மூட்டு, இடுப்பு மாற்று ஆபரேஷன் என்றால் 45 பேருக்கு ஒருவர். ஆபரேஷனே செய்யாத பெண்களில் அதே 12 வாரத்தில் 6 ஆயிரத்து 200 பேருக்கு ஒருவர்தான். ஆபத்து உச்சத்துக்குப் போனது ஆபரேஷன் முடிந்த 3-வது வாரத்தில் என்பதுதான் அதில் முக்கியமான சேதி.

3-வது வாரம் நோயாளி எங்கே இருப்பார்? வார்டில் இருக்க மாட்டார். தையல் பிரித்தாகிவிட்டது. பார்க்க வந்த சொந்தக்காரர்களும் ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போயிருப்பார்கள். மருமகளோ மகனோ வேலைக்குக் கிளம்பியிருப்பார்கள். காலைத் தொட்டுப் பார்க்க நர்சும் இல்லை, டாக்டரும் இல்லை.

நம்ம ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. முன்பெல்லாம் மூட்டு மாற்று ஆபரேஷன் பணக்காரர்கள் சமாச்சாரம். 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் செயற்கை மூட்டுக்கு உச்சவரம்பு விதித்தது. சராசரியாக ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் விற்ற சாதாரண ரக மூட்டு 55 ஆயிரத்துக்குக் கீழே வந்தது. 2012-ல் வந்த முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் இந்த ஆபரேஷனுக்கு இடம் உண்டு. கட்டிட வேலை பார்த்து முட்டி தேய்ந்தவருக்கும், இட்லிக்கடை அடுப்படியில் நின்றே கால் போனவருக்கும் ஆபரேஷன் எட்டும் தூரத்தில் வந்தது நல்ல விஷயம்தான்.

அடுத்தது சிசேரியன். 2019-21ல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் சுமார் 45 சிசேரியன் என்று வந்தது. பிரசவமே ரத்தம் உறையும் தன்மையைக் கூட்டும். அதோடு ஆபரேஷனும் சேர்ந்தால் இரட்டை ஆபத்து. குழந்தை பிறந்து 6 வாரம் வரை தாய்மார்களுக்கு இந்தப் பயம் உண்டு.

ஆபரேஷன் எண்ணிக்கை கூடியது. சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பும் வழக்கமும் வந்துவிட்டது. காலைக் கவனிக்கும் வேலை மட்டும் சத்தமில்லாமல் வீட்டுக்காரர்கள் தலையில் விழுந்துவிட்டது. எதைக் கவனிக்க வேண்டும் என்று அவர்களிடம் யாராவது உட்கார்ந்து சொல்கிறார்களா என்றால், அதுதான் இல்லை. டிஸ்சார்ஜ் சீட்டைப் பாருங்கள். நாலு பக்கமும் இங்கிலீஷ். கடைசியில் "10 நாள் கழித்து வரவும்" என்று மட்டும் வாயால் சொல்வார்கள். நோயாளி கையெழுத்துப் போடும் இடத்தில் தமிழ் இருக்கிறது, காலைக் காப்பாற்றும் இடத்தில் தமிழைக் காணோம்!

ஆஸ்பத்திரிக்குள்ளேயே நிலைமை எப்படி இருந்தது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 2006-07ல் 32 நாடுகளில் ஒரே மாதிரி ஓர் ஆய்வு நடந்தது. இந்தியாவில் 10 ஆஸ்பத்திரிகள் அதில் சேர்ந்தன. ரத்தம் உறையும் ஆபத்து உள்ள நோயாளிகளில் முறையான தடுப்பு சிகிச்சை கிடைத்தது இந்தியாவில் 100-க்கு 20 பேருக்குக்கூட இல்லை. உலக அளவில் பாதிப் பேருக்குக் கிடைத்திருந்தது. "நம்ம ஜனங்களுக்கு இந்த வியாதி எல்லாம் வராது" என்று அந்தக் காலத்தில் டாக்டர்களே நினைத்ததும் இதற்கு ஒரு காரணம். இப்போது பெரிய ஆஸ்பத்திரிகளில் அந்த நினைப்பு மாறிவிட்டது. வீடுகளில் இன்னும் மாறவில்லை.

கெண்டைக்கால்தான் மோட்டார்

காலுக்கு இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளுவது கெண்டைக்கால் சதை. நடக்கும்போது அது சுருங்கிச் சுருங்கி மோட்டார் மாதிரி ரத்தத்தை ஏற்றும். படுத்தே கிடந்தால் மோட்டார் நின்றுவிடும், ரத்தம் தேங்கும். போதாததற்கு, உடம்பில் கத்தி பட்டதும் ரத்தம் வேகமாக உறைய வேண்டும் என்று உடம்பே உத்தரவு போட்டுவிடும். காயம் ஆறுவதற்கு அது தேவைதான். தேங்கிய ரத்தமும் உறையும் தன்மையும் ஒரே இடத்தில் சேர்ந்தால்தான் வம்பு. ஜெர்மன் டாக்டர் ருடால்ஃப் விர்க்கோ 19-ம் நூற்றாண்டிலேயே இதை ஆராய்ந்தவர். அவர் பிறந்த அக்டோபர் 13-ந்தேதியைத்தான் 2014 முதல் உலக ரத்த உறைவு தினமாகக் கடைப்பிடிக்கிறார்கள்.

"ஆபரேஷன் உடம்பு, அசையக்கூடாது" என்று பாயை விட்டு எழவிடாமல் வைத்திருக்கும் பாசம்தான் நம்ம வீடுகளில் முதல் எதிரி. டாக்டர் நடக்கச் சொன்னால் நடக்க வைக்க வேண்டும். முடியாதவர் படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்டலாம், தையல் மிஷின் மிதிப்பது மாதிரி.

எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டு காலும் ஒன்றுபோல வீங்கினால் பெரும்பாலும் வேறு காரணம் இருக்கும். ஒரு கால் மட்டும் வீங்கினால் சந்தேகம் வர வேண்டும். கெண்டைக்காலில் பிடித்து இழுப்பது மாதிரி வலி, நின்றாலோ நடந்தாலோ கூடும். தொட்டால் மற்ற காலைவிடச் சூடாக இருக்கும். தோல் இறுகிப் பளபளக்கும். 'சிவந்து போகும்' என்று புத்தகத்தில் இருக்கும், நம்ம மாநிறத்தில் சிவப்பு சட்டென்று தெரியாது. கருமை ஏறின மாதிரியோ, லேசாக நீலம் பாய்ந்த மாதிரியோ தெரியும். பகல் வெளிச்சத்தில் இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

"முட்டியில் ஆபரேஷன் ஆன கால் எப்படியும் வீங்கத்தானே செய்யும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். சாதாரண வீக்கம் நாளுக்கு நாள் குறையும். தலையணை மேல் காலைத் தூக்கி வைத்துப் படுத்தால் காலையில் வற்றியிருக்கும். குறைந்து வந்த வீக்கம் திடீரென்று திரும்பக் கூடினாலோ, முட்டியைத் தாண்டி கெண்டைக்காலோ தொடையோ பருத்தாலோ, ராத்திரி முழுக்கத் தூக்கி வைத்தும் வற்றாவிட்டாலோ அது வேறு கதை. ஆபரேஷன் ஆகாத காலிலும் கட்டி வரலாம் என்பதையும் மறக்கக்கூடாது. வயிற்றில் ஆபரேஷன் செய்தவருக்குக் காலில் என்ன என்று அசால்ட்டாக விடவும் முடியாது.

தையல்காரர் வைத்திருக்கும் டேப் ஒன்று போதும். முட்டிக்குக் கீழே எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் இடத்தில் இருந்து 10 சென்டிமீட்டர் இறக்கி, கெண்டைக்காலைச் சுற்றி அளக்க வேண்டும். ஒரு காலைவிட இன்னொரு கால் 3 சென்டிமீட்டர் கூடுதலாக இருப்பதை டாக்டர்களே ஓர் அடையாளமாகக் கணக்கில் எடுக்கிறார்கள். வீட்டுக்கு வந்த அன்றே இரண்டு காலையும் அளந்து தினசரி காலண்டரில் எழுதி வைத்தால், அப்புறம் கூடுகிறதா குறைகிறதா என்று புரிந்துவிடும். அதற்காக டேப்பே தெய்வம் இல்லை. அளவு கூடாமல் வலி மட்டும் கூடினாலும் போய்க் காட்ட வேண்டியதுதான்.

தைலம் தேய்க்காதீங்க

கால் வீங்கினால் நம்ம வீட்டில் முதலில் என்ன செய்வோம்? "நீர் கோத்திருக்கு, நீவி விட்டா சரியாப் போகும்" என்று பாட்டி தைலத்தை எடுப்பார். இல்லையென்றால் சுளுக்கு எடுப்பவரைக் கூப்பிடுவார்கள். ரத்தக்கட்டி இருக்கும் காலை அழுத்தி நீவினால், கட்டி கழன்று நுரையீரலுக்குக் கிளம்பும் அபாயம் உண்டு. சந்தேகம் வந்த காலை நீவவே கூடாது. மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டு வலியை அடக்கிவைப்பதும் நாளைக் கடத்தும் வேலை.

நெஞ்சு விஷயத்தில் இன்னொரு வார்த்தை நம்மிடம் இருக்கிறது. "வாயு." திடீரென்று மூச்சு வாங்கினாலும் வாயு, மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தினாலும் வாயு. பெருங்காயத்தையும் சோடாவையும் கொடுத்து உட்கார வைப்பார்கள். ஆபரேஷன் ஆன 3 மாதத்துக்குள் ஒருவருக்குத் திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுக்குத்தல், படபடப்பு, மயக்கம், சளியில் ரத்தம் - இதில் ஒன்று வந்தாலும் சோடா வேண்டாம், 108-க்கு போன் போடுங்கள். காலில் எந்த அறிகுறியும் காட்டாமல் நேராக நுரையீரலில் போய் நிற்பதும் உண்டு.

டென்னிஸ் ராணி செரீனா வில்லியம்சுக்கு நடந்தது அப்படித்தான். 2017 செப்டம்பரில் அவருக்கு சிசேரியனில் பெண் குழந்தை பிறந்தது. மறுநாள் மூச்சு வாங்கியது. அதற்கு முன்பே, காலில் ஆபரேஷன் ஆன பிறகு 2011-ல் நுரையீரலில் ரத்தக்கட்டி வந்து பிழைத்தவர் அவர். அதனால் தனக்கு என்ன ஆகிறது என்று உடனே புரிந்துவிட்டது. நர்சிடம் போய் சி.டி. ஸ்கேன் எடுங்கள், ரத்தத்தை இளக்கும் மருந்து ஏற்றுங்கள் என்று கேட்டார். வலி மருந்து மயக்கத்தில் பேசுகிறார் என்று நர்சு நினைத்தார். முதலில் காலில் ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. அப்புறம் சி.டி. எடுத்தபோது நுரையீரலில் பல சின்னக் கட்டிகள்! உலக சாம்பியனே இரண்டு தடவை வாய்விட்டுக் கேட்க வேண்டியிருந்தது என்றால், 'டாக்டர்கிட்ட எப்படிக் கேக்கிறது' என்று தயங்கும் நம்ம ஆட்கள் எவ்வளவு அழுத்திக் கேட்க வேண்டும்?

பாதியில் நிற்கும் ஊசி

மூட்டு, இடுப்பு மாற்று ஆபரேஷன் செய்தவர்களுக்கு வயிற்றுத் தோலில் போடும் ஊசியோ மாத்திரையோ எழுதித் தருவார்கள். குறைந்தது 10 முதல் 14 நாள், சிலருக்கு 35 நாள் வரைகூட. வீட்டுக்கு வந்ததும் நின்றுபோவது இந்த மருந்துதான். "வலி இல்லையே, எதுக்கு தினமும் காசைக் கரியாக்கணும்?" என்று விட்டுவிடுவார்கள். ஊசி போட ஆள் கிடைப்பதில்லை என்பது இன்னொரு பிரச்சினை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடிப் போய் பி.பி. பார்த்து மாத்திரை கொடுக்க முடிந்தது. ஆபரேஷன் முடிந்து வந்தவர் வீட்டுக்கும் அதேபோல ஒரு நடை போய்க் காலைப் பார்க்க ஏற்பாடு செய்வதில் பெரிய செலவு எதுவும் இல்லை. அரசு யோசிக்கலாம்.

மருந்து சாப்பிடும்போது மலம் கருப்பாகப் போனாலோ, ஈறில் ரத்தம் கசிந்தாலோ டாக்டரிடம் சொல்ல வேண்டும். நாமாக நிறுத்தவும் கூடாது, மறந்துவிட்டோம் என்று இரண்டாகப் போடவும் கூடாது.

ஏற்கனவே கட்டி வந்தவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள், கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள் ஆபரேஷனுக்கு முன்பே அதைச் சொல்லிவிடுவது நல்லது. கோவில் திருவிழா, கல்யாணம் என்று மாதவிலக்கைத் தள்ளிப்போட மாத்திரை போட்டிருந்தால் அதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

சென்னையில் ஆபரேஷன் முடித்து அன்றைக்கே திருநெல்வேலி, நாகர்கோவில் பஸ்சில் ஏறுகிறவர்கள் நிறைய. 10 மணி நேரத்துக்கு மேல் காலைத் தொங்கப் போட்டு உட்காருவது ஆபத்தைக் கூட்டும். எப்போது போகலாம் என்று டாக்டரிடம் கேட்டுக் கிளம்புவது உத்தமம். போயே ஆக வேண்டும் என்றால் ரெயிலில் படுக்கை கிடைக்கிறதா பாருங்கள். அடிக்கடி பாதத்தை ஆட்டி, முடிந்தால் எழுந்து நாலடி நடந்து, தண்ணீர் குடித்துக்கொண்டே போகட்டும். "ஒண்ணுக்குப் போக முடியாதே" என்று தண்ணீர் குடிக்காமல் வருவதும் தப்பு.

கால் மேல் சந்தேகம் வந்துவிட்டால் பக்கத்துக் கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு திரும்பாமல், ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கோ அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கோ அன்றைக்கே போக வேண்டும். 'டாப்ளர்' ஸ்கேன் எடுப்பார்கள். ஊசி குத்தல் எதுவும் கிடையாது, வயிற்று ஸ்கேன் மாதிரிதான். கட்டி இருந்தால் பெரும்பாலும் மருந்திலேயே சரிசெய்வார்கள், குறைந்தது 3 மாதம் சாப்பிட வேண்டியிருக்கும். அங்கே போனதும் "கால் வலிக்குது" என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். "ஆபரேஷன் ஆகி 18 நாள் ஆச்சு, ஒரு கால் மட்டும் வீங்குது, ரத்தம் கட்டியிருக்கான்னு பாருங்க" என்று சொல்லி, அந்த இங்கிலீஷ் டிஸ்சார்ஜ் சீட்டை முதலில் நீட்டுங்கள்.