சொடுக்குவதா, வினவுவதா?

கணினி நிரல் பிழைபடுமிடத்து, அப்பிழையைத் தேடுதற்கு இருவகைக் கருவிகள் உள. ஒன்று, கட்டளைகளைத் தட்டெழுதி நிரலை வினவும் கட்டளைவரிக் கருவி. மற்றையது, திரையிற் காணும் பொத்தான்களைச் சொடுக்கி இயக்கும் வரைகலைக் கருவி. 2005ஆம் ஆண்டு பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் நிறுவப்பட்டதன் பின்னர், பசறை, அப்புத்தளை, பண்டாரவளைத் தோட்டங்களுக்கு அருகிலேயே உயர்கல்விக் கூடமொன்று அமைந்துவிட்டது. கணினித்துறையை நாடும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இவ்விரண்டுள் எதனை முதலிற் கற்பிப்பது என்பது அற்ப வினாவன்று.

“தோட்டத்துப் பிள்ளைகள் ஆங்கிலத்திற் பின்தங்கியோர், கட்டளைகள் அவர்களை அச்சுறுத்தும், பொத்தான்களே போதும்” என்பார் உளர். பரிவின் வேடம் புனைந்த இக்கூற்று, அப்பிள்ளைகளின் ஆற்றலை இழித்துரைப்பதேயாகும். 1986இல் றிச்சட் ஸ்டோல்மன் ஆக்கிய ஜி.டி.பி. என்னும் வழுநீக்கியை நோக்குக. நிரலை நிறுத்துமிடம் குறிக்க ‘பிரேக்’, ஓட்டுதற்கு ‘ரன்’, அடுத்த வரிக்குச் செல்ல ‘நெக்ஸ்ட்’, அழைக்கப்படும் செயற்கூற்றினுள் நுழைய ‘ஸ்டெப்’, மாறியின் பெறுமானத்தை அறிய ‘பிரிண்ட்’, அழைப்புகளின் வரிசையைக் காண ‘பேக்ட்ரேஸ்’: தொடக்கநிலை வேலையிற் பெரும்பகுதி இந்த ஆறு சொற்களுள் அடங்கிவிடும். நிரலையே ஆங்கிலச் சொற்களால் எழுதும் பிள்ளைக்கு மேலும் ஆறு சொற்கள் பாரமாகுமோ? பொத்தான்களின் மீதும் அதே ஆங்கிலமன்றோ பொறிக்கப்பட்டுள்ளது?

2015இல் வெளிவந்த விசுவல் ஸ்டூடியோ கோட் இன்று பலரும் விரும்பும் கருவி. எனினும் லினக்ஸ் கணினியில் அதனூடாகச் சி மொழி நிரலொன்றை ஆராயுங்கால், திரைக்குப் பின்னால் வழக்கமாக உழைப்பது ஜி.டி.பி.யே. முகத்தை மட்டும் பழகியவன் முகமில்லாவிடத்துத் திகைப்பான். தொலைவிலுள்ள சேவையகங்கள் பலவற்றில் வரைகலைத் திரையே இல்லை. எழுத்து மாத்திரம் செல்லும் இணைப்போ, மலைச்சரிவின் மெலிந்த அலைவரிசையிலும் பழைய கணினியிலும் தடையின்றி இயங்கும். கட்டளைகளைக் கோப்பிற் சேமித்து மீள இயக்கலாம். தோழனுக்கு ஒரு குறுஞ்செய்தியாகவும் அனுப்பலாம்.

இவற்றினும் முதன்மையான காரணம் ஒன்றுண்டு. வரைகலைத் திரை கேளாமலே யாவற்றையும் காட்டுகின்றது. கட்டளைவரி கேட்டதற்கு மாத்திரமே விடையளிக்கின்றது. ஆதலின் எங்கே பிழை இருக்கக்கூடுமென முதலில் ஊகித்து, அவ்வூகத்தை வினாவாக்கும் பழக்கம் மாணாக்கனுக்கு வாய்க்கின்றது. தேயிலைத் தொழிற்சாலையில் வெப்பமானி இருந்தும், அரைத்த கொழுந்தைக் கையிலெடுத்து முகர்ந்து பதமறியும் டீமேக்கரை ஊவாவில் அறியாதார் யார்? கருவியின் முள்ளை வாசித்தல் வேறு, பதமறிதல் வேறு.

வரைகலைக் கருவியை விலக்குக என்பது இதன் பொருளன்று. பல தரவுகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்குமிடத்து, நூறு வரிகள் உணர்த்தாததை ஒரு படம் உணர்த்தும். கட்டளைவரி அறிந்தோர் அதனை வீரச் சின்னமாக அணிந்து ஏனையோரை எள்ளுவதும் பேதைமையே. வரிசையே இங்கு வற்புறுத்தப்படுவது: முதலாண்டில் வினவக் கற்பிக்கட்டும், பின்னர்ச் சொடுக்கட்டும். அந்த ஆறு சொற்களுக்கும் தமிழில் ஒருபக்க விளக்கம் எழுதுதல் விரிவுரையாளருக்கு அரிய செயலன்று.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிறர் கட்டளைக்குப் பணிந்தே வாழ்ந்த சமுதாயம் மலையகச் சமுதாயம். அதன் பிள்ளைகள் இயந்திரத்துக்குக் கட்டளையிடக் கற்கும் நாளில், “உமக்குப் பொத்தானே போதும்” என்று தடுப்பது கல்வியாகாது.