இடமாற்ற உத்தரவும் வன்கொடுமை வழக்கும்

சீருடையில் இருப்பவர் ஓர் அரசியல் தலைவரை வெளிப்படையாகக் குறை சொன்னால் என்ன நடக்கும் என்பது ஊரறிந்தது. இடமாற்றம், குற்றக் குறிப்பாணை, பணியிடை நீக்கம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். அது காவல் துறையின் உள்விவகாரம், நமக்கென்ன என்று தலித் மக்கள் இருந்துவிட முடியாது. அதிகாரி இடம் மாறும்போது அவர் கையில் இருக்கும் நம் வழக்கும் கைமாறுகிறது.

கர்நாடகத்தின் கூட்லிகியில் நடந்ததைப் பாருங்கள். அப்போது பெல்லாரி மாவட்டத்தில் இருந்த அந்த ஊருக்கு அனுபமா ஷெணை டி.எஸ்.பி.யாக இருந்தார். 2016 ஜனவரியில் அவர் வேறு ஊருக்கு மாற்றப்பட்டார். மாவட்டப் பொறுப்பு அமைச்சர் பரமேஷ்வர் நாயக்கின் தொலைபேசி அழைப்பைக் காக்க வைத்ததுதான் காரணம் என்று பேச்சு எழுந்தது. மக்கள் எதிர்த்துப் போராடிய பிறகு அந்த உத்தரவு ரத்தானது. சில மாதங்கள் கழித்து, அம்பேத்கர் பவனை ஒட்டியிருந்த மதுக்கடையின் விரிவாக்கம் தொடர்பாக அவர் சிலரைக் கைது செய்தார். கைதைக் கண்டித்து அவருக்கு எதிராகவே போராட்டம் நடந்தது. 2016 ஜூன் 4 அன்று அவர் பதவி விலகினார். அதன் பிறகு அவர் பெயரிலான முகநூல் பக்கத்தில் அமைச்சரைச் சாடும் பதிவுகள் வந்தன. சில நாள்களிலேயே அரசு அவரது விலகலை ஏற்றுக்கொண்டது. அதே மாதம் நடந்த மாற்றத்தில் அமைச்சரும் பதவி இழந்தார்.

அந்த அமைச்சர் ஹடகலி தனித்தொகுதியில் வென்றவர் என்பதை மறக்கக் கூடாது. நம்மவர் ஒருவர் அமைச்சர் ஆனதாலேயே காவல் நிலையம் நமக்கு நியாயமாக நடந்துவிடாது.

உத்தரப் பிரதேசத்திலும் இதே கதைதான். முலாயம் சிங் யாதவ் தம்மைத் தொலைபேசியில் மிரட்டியதாக ஐ.பி.எஸ். அதிகாரி அமிதாப் தாக்கூர் 2015 ஜூலையில் புகார் கொடுத்தார். சில நாள்களுக்குள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அடுத்த ஆண்டு பணிக்குத் திரும்பினார். 2021 மார்ச்சில், வேறொரு கட்சி ஆண்டபோது, அவருக்குக் கட்டாய ஓய்வு கொடுக்கப்பட்டது. ஆளும் கட்சி மாறினாலும் வாய் திறந்த அதிகாரியை யாருக்கும் பிடிப்பதில்லை.

இதில் நம் அக்கறை எங்கே இருக்கிறது? வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995-இன் 7-ஆம் விதிப்படி, வன்கொடுமை வழக்கை டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரிதான் புலனாய்வு செய்ய வேண்டும். 60 நாள்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாக வேண்டும். அந்த 60 நாளின் நடுவில் டி.எஸ்.பி. மாற்றப்பட்டால் புதியவர் கோப்பை முதலிலிருந்து படிக்க வேண்டும். அதற்குள் சாட்சிகள் மிரட்டப்படுவார்கள், சமரசம் பேச ஆள் வருவார்கள். ஒரு வன்கொடுமை வழக்கைக் கெடுக்க நீதிமன்றம் வரை போகத் தேவையில்லை. ஓர் இடமாற்ற உத்தரவு போதும்.

தமிழகத்துக்கும் இந்த வேதனை தெரியும். கோகுல்ராஜ் கொலை வழக்கை விசாரித்துவந்த திருச்செங்கோடு டி.எஸ்.பி. விஷ்ணுபிரியா 2015 செப்டம்பர் 18 அன்று தம் குடியிருப்பில் இறந்து கிடந்தார். மேலிருந்து வந்த அழுத்தம் பற்றிக் கேள்விகள் எழுந்து, விசாரணை சி.பி.ஐ. வரை போனது. கோகுல்ராஜ் வழக்கில் தீர்ப்பு வர 2022 ஆனது.

காவலர்களின் வாயைக் கட்டுவதற்குச் சட்டமே இருக்கிறது. அரசியல் சாசனத்தின் 33-ஆவது பிரிவு, காவல் படையினரின் அடிப்படை உரிமைகளைச் சுருக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அதன்படி வந்த 1966-ஆம் ஆண்டுச் சட்டம், அனுமதியின்றிப் பத்திரிகைக்குப் பேசுவதைத் தடுக்கிறது. மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறைகூட உண்டு.

இந்தச் சட்டத்தையே தூக்கி எறியுங்கள் என்று நாம் கேட்கவில்லை. சாதிப் பெருமை பேசும் அதிகாரி ஒருவர் மேடையேறினால் முதலில் அஞ்சப்போவது நாம்தான். சீருடை கட்சிக்கும் சாதிக்கும் பேசக் கூடாது. ஆனால், "எனக்கு இந்தத் தலைவரைப் பிடிக்கவில்லை" என்பதும், "இந்த வழக்கை விட்டுவிடு என்று இந்தத் தலைவர் சொன்னார்" என்பதும் ஒன்றல்ல. முன்னது அரசியல். பின்னது, சட்டத்தைக் காக்க வேண்டியவர் தன் கடமைக்கு வந்த இடையூறைச் சொல்வது. இரண்டுக்கும் ஒரே தண்டனை என்றால், தலைவர் சொன்னபடி கேட்டு மௌனமாக இருப்பவரே நல்ல அதிகாரி என்றாகிவிடும்.

வழி தெரியாமல் இல்லை. பிரகாஷ் சிங் வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் வழியைச் சொல்லிவிட்டது. களத்தில் பணியாற்றும் முக்கிய அதிகாரிகளுக்குக் குறைந்தது இரண்டு ஆண்டுப் பணிக்காலம், இடமாற்றத்தை முடிவு செய்யத் துறைக்குள்ளேயே ஒரு வாரியம், மக்கள் புகார் சொல்லத் தனி ஆணையம் என்று கட்டளையிட்டது. நாம் மேலும் இரண்டு கேட்போம். வழக்கில் தலையிடும் அழைப்பு யாரிடமிருந்து வந்தாலும், அதை வழக்குக் கோப்பில் எழுதி வைக்கும் அதிகாரிக்குப் பாதுகாப்பு வேண்டும். வன்கொடுமை வழக்கை விசாரிக்கும் டி.எஸ்.பி.யைக் குற்றப்பத்திரிகை தாக்கலாகும் முன் மாற்றினால், காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

கிராமத்தில் இருப்பவர்கள் செய்யக்கூடியதும் உண்டு. ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும் என்கிறது 17-ஆம் விதி. எம்.எல்.ஏ.வும் எம்.பி.யும் அதில் உறுப்பினர்கள். நம் ஊர் வழக்கின் டி.எஸ்.பி. ஏன் மாற்றப்பட்டார் என்று அந்தக் குழுவுக்கு மனு எழுதுங்கள், மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் தலித் அல்லாத அரசு ஊழியருக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை விதிக்கிறது என்பதையும் தெரிந்துவைத்திருங்கள்.

காவலர் தேர்வுக்குப் படிக்கும் நம் பிள்ளைகள் ஏராளம். நாளை அவர்களுக்கும் அப்படியொரு தொலைபேசி அழைப்பு வரலாம். அழைப்பைக் கோப்பில் எழுதுகிற துணிச்சல் அவர்களுக்கு வேண்டும். அப்படி எழுதியவரை ஊர் மாற்றினால், கூட்லிகி மக்கள் முதல் முறை செய்ததைப் போல, அவருக்காகத் தெருவில் நிற்க நாம் தயாராக இருக்க வேண்டும்.