வாய்க்கு மட்டும் மருந்து போதுமா?

பல் செட் கட்டிய பெரியவர்கள் சிலர், "வாய் எரிகிறது, காரம் தொட முடியவில்லை" என்பார்கள். மேல் அண்ணம் சிவந்திருக்கும். சிலருக்கு நாக்கில் தயிர் ஏடு போல வெள்ளை படிந்திருக்கும்.

"உடம்புச் சூடு" என்று மோரைக் கொடுக்கிறோம். ஆனால், அது காண்டிடா என்ற பூஞ்சைக் காளானாக இருக்கலாம். பல் டாக்டரிடம் காட்டுவதே நல்லது.

இதற்கு மருந்து உண்டு. 1950-ல் அமெரிக்காவில் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற 2 பெண் விஞ்ஞானிகள், மண்ணில் வாழும் கிருமியில் இருந்து "நிஸ்டாட்டின்" மருந்தைக் கண்டுபிடித்தார்கள். நியூயார்க் மாநிலத்தின் பெயரைத்தான் அதற்குச் சூட்டினார்கள். பிறகு, வாயில் தடவும் "குளோட்ரிமசோல்" மருந்தும் வந்தது.

மருந்து வாய்க்குச் சரி. பல் செட்டுக்கு?

காளான் செட்டிலும் ஒட்டியிருக்கும். அதைக் கழுவாமல் மாட்டினால் நோய் திரும்பி வரும். வீட்டைப் பெருக்கிவிட்டு, குப்பையை நடுவீட்டில் கொட்டுவது போலத்தான்!

இரவில் செட்டைக் கழற்ற வேண்டும். பிரஷ் கொண்டு தேய்த்து, தண்ணீரில் போட வேண்டும். எரிச்சல் நின்றதும் மருந்தை நிறுத்தக் கூடாது. சர்க்கரை நோய் இருந்தாலும், ரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிட்டாலும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

பொக்கை வாயைப் பார்த்துப் பேரப்பிள்ளைகள் சிரிப்பார்களே என்று கூசித்தான் பலர் செட்டோடு தூங்குகிறார்கள். அந்தக் கூச்சத்தைப் போக்குவது வீட்டாரின் கடமை. படுக்கும்முன், ஒரு கிண்ணம் தண்ணீரை நாமே எடுத்து வைப்போமே!